ஐஸ் அறையில் ஒரு மணித்தியாலம்

என் அக்காவின் திருமணத்தை ஒரு கேள்வி நிறுத்தி வைத்திருந்தது. ஈரல் அழற்சியை உண்டாக்கும் சி வைரசு அவளுடைய இரத்தத்தில் இப்போது இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்று உறுதியாய்ச் சொல்ல ஒருவரும் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. பாடசாலைக் காலம் முதல் விவாத மேடைகளில் நின்று வளர்ந்த எனக்கு இதைவிட எரிச்சலூட்டும் நிலை வேறு தெரியாது. எந்தத் தலைப்பைத் தந்தாலும் அதன் இரு பக்கமும் பேசப் பயின்றவள் நான். நாணயத்தைச் சுண்டி, எந்த அணி என்று மட்டும் சொன்னால் போதும். மணி அடிப்பதற்குள் எதிரணியை உட்கார வைத்துவிடுவேன். இதை அடக்கத்தோடு சொல்லவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். ஆனால் இந்த ஒரு தலைப்பில் என்னிடம் சொற்கள் இருந்தன, சான்று இருக்கவில்லை. அந்தச் சான்று ஒரு சனிக்கிழமை காலையில் கிளிநொச்சியிலிருந்து வெள்ளை வாகனமொன்றில் ஏறி எங்கள் முல்லைத்தீவுக் கரைக்கு வந்தது. அந்த நாளைப் பற்றி எழுதும்போது இன்றும் என் கை கொஞ்சம் வேகமாகத்தான் ஓடுகிறது.

கதை அதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கியது. அக்காவின் இடது தொடையில் நீண்ட தழும்பு ஒன்று உண்டு. போரின் கடைசி மாதங்களில், அவள் சிறுமியாய் இருந்தபோது, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலையில் அவளுக்கு இரத்தம் ஏற்றினார்கள். யாருடைய இரத்தம் என்று எவருக்கும் தெரியாது. அந்த இரத்தம் இல்லாவிட்டால் எனக்கு அக்கா இல்லை என்பது மட்டும் தெரியும். ஆகவே எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாளை ஒட்டி அதன் மண்டபத்தில் இரத்ததான முகாம் வைத்தபோது அவள்தான் முதலில் போய் நின்றாள்.

"எனக்கு ஆரோ தந்தது. நானும் ஆருக்கோ குடுக்க வேணும்," என்றாள்.

கொடுத்தாள். சில வாரங்களில் வைத்தியசாலையிலிருந்து அவளைத் தனியே அழைத்தார்கள். கொடுத்த இரத்தத்தைச் சோதித்ததில் அந்த வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரி தென்பட்டது என்று தாதி சொன்னார். அதன் பொருளையும் அவரே பொறுமையாக விளக்கினார். அந்த வைரசு எப்போதோ உடலுக்குள் வந்தது என்பதற்கு அது அடையாளம். சிலருடைய உடல் வைரசைத் தானே துரத்திவிடும். அடையாளம் மட்டும் எஞ்சும். வேறு சிலரில் அது ஈரலில் குடியிருந்து, ஒரு வலியும் காட்டாமல், ஆண்டுக்கணக்காக அரித்துக்கொண்டிருக்கும். அக்கா இதில் எந்த வகை என்று அறிய வைரசையே நேரில் தேடும் இன்னொரு பரிசோதனை வேண்டும்.

வீட்டில் இதை அப்பாவுக்கு நான் விளக்கினேன். மேடைக்குரிய ஒழுங்கோடு, முன்னுரை முதல் தொகுப்புரை வரை விளக்கினேன். கிழிந்த வலையின் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"விடிய கரையில ஆமைத் தடம் கிடக்கிற மாதிரியே?"

"எப்பிடியப்பா?"

"ஏறின தடம் தெரியுது. இறங்கின தடத்தைக் காத்து மூடிப்போட்டுது. ஆமை கடலுக்குப் போட்டுதோ, இன்னும் தாழம்பத்தைக்குள்ள கிடக்குதோ?"

என் தொகுப்புரை வீணானது. அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த வைரசின் பெயர் ஆமை.

அக்கா தேநீர் குடிக்கத் தனக்கென்று ஒரு பேணியை ஒதுக்கி, அதன் அடியில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தாள். தட்டும் தனி. பேணியாலும் தட்டாலும் இது தொற்றாது என்று தாதி சொல்லியிருந்தார். நானும் உரத்துச் சொன்னேன். "நீ சொல்லுவாய்," என்பதே அவளுடைய பதில். அம்மா அந்தப் பேணியைக் குசினியில் வேண்டுமென்றே மற்றவற்றோடு கலந்து கழுவி வைப்பார். அக்கா ஒவ்வொன்றாய்க் கவிழ்த்துப் பார்த்துத் தன்னுடையதைத் தேடி எடுப்பாள். இருவரும் ஒரு சொல் பேசாமல் நாள்தோறும் நடத்திய அந்த விவாதத்துக்கு நடுவர் இல்லை.

அடுத்த பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். அது கொழும்புக்குப் போக வேண்டும். எங்கள் ஊர்ச் சிறிய வைத்தியசாலையின் வாகனம் அன்று பழுதாகிக் கிடந்தது. ஆகவே மாதிரி வைத்த, குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டியைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை அப்பாவே வலிந்து கேட்டு வாங்கினார். பேருந்துக்குக் காத்திருந்தபோது பெட்டியை மெல்லத் திறந்து பார்த்தார். உள்ளே இரண்டு சிறிய குளிர்ப்பொதிகள் மட்டும் இருந்தன. அந்தப் போதாமை அவருடைய தொழில் மானத்தைச் சுட்டுவிட்டது. "ஒரு கிலோ இறாலுக்கும் காணாத குளிர்," என்று பிறகு எங்களிடம் சொன்னார். கரையில் அறுக்குளா மீனைக் கொழும்புக்கு அனுப்பும்போது என்ன செய்வார்களோ அதையே செய்தார். பக்கத்து மீன்வாடிக்குப் போய் நொறுக்கிய ஐஸைப் பெட்டி நிறையக் கொட்டி, குளிர் இன்னும் இறங்குவதற்காக இரண்டு கைப்பிடி உப்பும் தூவி, இறுக்கிக் கட்டினார்.

இரத்தம் மீன் இல்லை. உறைந்தால் அதன் கலங்கள் உடைந்துவிடும். மறுமொழிக்காக வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு, மாதிரி பழுதாகிவிட்டது, மீண்டும் எடுக்க வேண்டும் என்று செய்தி வந்தது.

அதற்குள் திருமண வேலைகள் தொடங்கியிருந்தன. மாப்பிள்ளை எங்கள் கரையைச் சேர்ந்தவர்தான். வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர். நான் அப்போதே அவரை அத்தான் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன். எங்கள் கோயிலில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மணமக்களின் பெயரை வாசித்து, தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவிப்பது வழக்கம். அறிவித்தல்களை வாசிப்பது என் வேலை. எனக்குக் குரல் நன்றென்று பங்குச் சுவாமியே அதை என்னிடம் தந்திருந்தார். முதல் இரண்டு அறிவித்தல்களையும் நானே வாசித்தேன். மறுமொழி எப்படியும் மூன்றாவதற்கு முன் வந்துவிடும் என்று அக்கா நம்பியிருந்தாள். மாதிரி பழுதென்ற செய்தி வந்த அன்று அவள் நேரே போய்ச் சுவாமியிடம் மூன்றாவது அறிவித்தலை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தாள்.

நான் விடவில்லை. முற்றத்தில் வைத்து வாதிட்டேன். பிறபொருளெதிரி குற்றம் அல்ல என்றேன். ஐயம் தீர்ப்பு ஆகாது என்றேன். அத்தான் எல்லாம் தெரிந்தே சம்மதம் சொன்னவர் என்றேன். ஒவ்வொரு வாதமும் மாவட்ட மேடையில் கைதட்டு வாங்கியிருக்கும்.

அக்கா உடுப்புக் காயப்போட்டபடியே கேட்டாள். "முடிஞ்சுதோ?"

"ஓம்."

"தடை தெரிஞ்சவை சொல்ல வேணும் எண்டு வாசிச்சது நீதானே?"

"ஓம், ஆனா..."

"நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தனான். எனக்கு ஒண்டு தெரியும் போலவும் கிடக்கு, தெரியாத போலவும் கிடக்கு. தெரியாமல் ஓமெண்டு நிக்க என்னால ஏலாது. இருக்குதெண்டால் இருக்குதெண்டு தெரிய வேணும். இல்லையெண்டால் இல்லையெண்டு தெரிய வேணும்."

அவள் கேட்டது திருமணத்திலிருந்து விடுதலை அல்ல, ஒரு சொல். இருக்கிறது அல்லது இல்லை. அதை யாராலும் கொடுக்க முடியவில்லை.

இந்த நிலையில்தான் அந்தச் செய்தி வந்தது. காசநோயைக் கண்டறிவதற்காகக் கிளிநொச்சியில் ஏற்கெனவே ஓர் இயந்திரம் இருந்தது. அதே இயந்திரத்தில் வேறு வகைக் கார்ட்ரிட்ஜை, மருந்து அடைத்த சிறு கூட்டை, போட்டால் ஈரல் அழற்சி வைரசையும் அது தேடுமாம். விரலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தம் போதும், கொழும்பு வேண்டாம், ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் மறுமொழி. போர்க்காலத்தில் இரத்தம் ஏற்றப்பட்டவர்களைத் தேடி அந்த இயந்திரத்தையே எங்கள் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவரப் போகிறார்கள். ஒரு மணித்தியாலம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். வாரக்கணக்கு எங்கே, ஒரு மணித்தியாலம் எங்கே. ஒரு விவாதம் நடந்து முடியும் நேரத்துக்குள் ஓர் உடலின் மறைவான உண்மை வெளியே வந்து நிற்குமென்றால், அதை ஊருக்கு அறிவிக்கும் பேறு என்னைத் தவிர வேறு யாருக்குப் பொருந்தும்?

ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் ஏறினேன். இரவெல்லாம் செதுக்கிய உரை மடியில் இருந்தது. "அலைகளோடு போராடி, அழிவுகளையும் கடந்து, நிமிர்ந்து நிற்கும் எம் கரையோரப் பெருமக்களே," என்று தொடங்கினேன். முதல் ஒழுங்கைத் தெரு முடிவதற்குள் ஓட்டோக்காரர் பிரேக் போட்டார்.

"பிள்ளை, இது எலெக்‌ஷன் இல்லை. என்னத்துக்கு, எங்கை, எப்ப எண்டதைச் சொல்லு. பெற்றோல் முடியப் போகுது."

"அதுக்குத்தான் அண்ணை வாறன். இது முன்னுரை."

"நீ பொருளுரைக்கு வர நாங்கள் முள்ளியவளைக்குப் போயிடுவம்."

மனம் நொந்தாலும் சுருக்கினேன். "முந்தி இரத்தம் ஏத்தினவை, சனிக்கிழமை காலமை கோயில் மண்டபத்துக்கு வாங்கோ. விரல்ல ஒரு குத்து. அண்டைக்கே மறுமொழி." இந்த மூன்று வரிகளைச் சொன்னபோதுதான் வேலிகளுக்குப் பின்னிருந்து தலைகள் எழுந்தன. அண்டைக்கே மறுமொழியோ என்று ஒருவர் வேலிப் படலையடியில் நின்று திருப்பிக் கேட்டார். ஓம், அண்டைக்கே என்று ஒலிபெருக்கியிலேயே பதில் சொன்னேன். அன்று மாலை வரை நான் வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அலுக்கவுமில்லை.

சனிக்கிழமை வந்தது. சோளகக் காற்று வீசும் மாதம். காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் வந்தது. இயந்திரத்தோடு வந்த ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் என்னைவிடச் சில வயது மூத்த பெண். குடும்பம் மலையகத்திலிருந்து வந்து முரசுமோட்டையில் வயல் செய்கிறது. பேச்சில் மலைநாட்டுச் சாயல் அப்படியே இருந்தது. இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, ஏன் வேலை செய்கிறது என்று நான் அடுக்கிக் கேட்டதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கதானா ஓட்டோவுல கத்துனது?"

"அறிவிச்சனான்."

"சரி, அறிவிச்சவங்க அந்த மேசைய புடிங்க. ஆடாம வைக்கணும்."

இயந்திரம் நான் எதிர்பார்த்ததை விடச் சிறியது. ஒரு சிறிய அலுமாரியின் மேல் வைத்துவிடலாம். முகத்தில் நான்கு கதவுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மைப்போத்தல் அளவான ஒரு கார்ட்ரிட்ஜ் போகும். பக்கத்தில் ஒரு மடிக்கணினி. காலையில் வந்தவர்களுக்கு அது ஒழுங்காகவே மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, திரைக்குப் பின்னால் வைத்துச் சொன்னார்கள். ஒருவர் வெளியே வந்து செருப்பைக்கூடப் போடாமல் சைக்கிளில் ஏறிப் பறந்தார். அவருக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க ஆய்வுகூடம் தேவைப்படவில்லை.

அக்கா வரிசையில் தன் இடத்தை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். வயதானவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், தூரத்திலிருந்து வந்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அவளுடைய முறை வந்தபோது உச்சி வெயில் மண்டபத்துத் தகரக் கூரையின் மேல் ஏறி நின்றது. விரலைக் குத்தினார்கள். துளிகள் கார்ட்ரிட்ஜுக்குள் போயின. கதவு மூடியது.

சிறிது நேரத்தில் இயந்திரம் நின்றுவிட்டது. திரையில் ஏதோ எச்சரிக்கை. தொழில்நுட்பவியலாளர் குனிந்து பார்த்து உதட்டைக் கடித்தார்.

"சூடு கூடிருச்சு. முப்பது பாகைக்கு மேல போனா இது வேல செய்யாது. இந்தக் கார்ட்ரிட்ஜ் வீணாப் போச்சு."

"இன்னொண்டு போடலாமோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு இருக்கு. ஆனா இந்த எடத்துல போட்டா அதுவும் போகும். கிளிநொச்சிக்குக் கொண்டு போயிட்டு அடுத்த முறை..."

அடுத்த முறை எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. அக்கா எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பேணிகளைக் கவிழ்த்துப் பார்க்கும்போது இருக்கும் அதே முகம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது வாசலில் நின்ற அப்பா வாயைத் திறந்தார்.

"குளிர்தானே பிள்ளை வேணும்? அதுக்கேன் கிளிநொச்சிக்கு?"

எல்லோரும் திரும்பினோம். அவர் கையை நீட்டிக் கரையைக் காட்டினார். மீனவர் சங்கத்தின் ஐஸ் அறை. கரையிலே கதவைத் திறந்தால் முகம் சில்லிடும் ஒரே கட்டடம். மின்சாரம் போனால் உடனே மின்பிறப்பாக்கி உறுமும் ஒரே கட்டடமும் அதுதான். மனிதர் வேர்த்துச் செத்தாலும் மீன் வேர்க்கக்கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம்.

தொழில்நுட்பவியலாளர் அப்பாவை உற்றுப் பார்த்தார்.

"ஐயா, நீங்கதானே ரத்தத்துக்கு உப்பு போட்டவரு?"

அந்தக் கதை கிளிநொச்சி ஆய்வுகூடம் வரை போயிருந்தது. அப்பா கொஞ்சமும் அசையவில்லை.

"அறுக்குளா எண்டால் கொழும்பு மட்டும் கண் மங்காமல் போயிருக்கும்."

"இது அறுக்குளா இல்ல, ஐயா. உங்க மக."

"அதுதான் சொல்லுறன். வாங்கோ."

தொழில்நுட்பவியலாளர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே நிபந்தனைகளைச் சொன்னார். ஐஸ் அறைக்கு உள்ளே வைக்க முடியாது. ஈரம் இயந்திரத்துக்கு ஆகாது. அதற்கு முன்னால் இருக்கும் மீன் நிறுக்கும் அறையில் வைக்கலாம். ஐஸ் மூடிய பெட்டிகளுக்குள் இருக்க வேண்டும், சுவரோரம் மட்டும். இயந்திரத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழக்கூடாது. அப்பா பெட்டி எதையும் திறக்கவே கூடாது.

பிறகு நடந்ததை எந்த மேடையிலும் என்னால் அதே வேகத்தில் சொல்ல முடியாது. இயந்திரத்தை வாகனத்தில் ஏற்றினோம். மீதமிருந்த இரண்டு கார்ட்ரிட்ஜ்களும் என் மடியில், இரு கைகளின் காவலில். செய்தி எங்களுக்கு முன்னே ஓடிப் போயிருந்தது. நாங்கள் இறங்கும்போது அத்தான் எண்ணெய்க் கைகளோடு நின்று மீன் நிறுக்கும் மேசையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் அதன் காலுக்கடியில் பலகைத் துண்டுகளைச் செருகி, மேசைமேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, மட்டம் சரியா என்று எஞ்சின் பொருத்துபவரின் கண்ணால் பார்த்தார். ஐஸ் அறையின் தடித்த சுவரோரம் ரெஜிபோம் பெட்டிகள் அடுக்கப்பட்டன. ஐஸ் அறைக் கதவை ஓர் அடி திறந்து, அதன் முன்னே காற்றாடியை வைத்தார்கள். சுவரில் மாட்டிய வெப்பமானியை எல்லோரும் தேர்தல் முடிவைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். கோடு இறங்கியது. முப்பதைத் தாண்டிக் கீழே போனது. இன்னும் போனது. வாசலில் நின்ற வள்ளச் சொந்தக்காரர், சம்மாட்டி ஒருவர், "இனிக் காணும், மெஷினுக்குத் தும்மலும் தடிமனும் பிடிக்கப் போகுது," என்றார்.

அக்காவின் விரலை இரண்டாம் முறை குத்தினார்கள். கதவு மூடியது. பச்சை விளக்கு மின்னியது. இந்த முறை நிற்கவில்லை.

ஒரு மணித்தியாலம். மீன் வாசனையும் குளிரும் நிறைந்த அந்த அறையில் நாங்கள் பெட்டிகளின்மேல் உட்கார்ந்தோம். அத்தான் வாசற்படியில் இருந்தார். அவர் மெல்லத் தொடங்கினார்.

"இருந்தாலும் எனக்கு ஓம்தான். இல்லாட்டிலும் ஓம்தான்."

"உங்கட ஓம் எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "அதைக் கேட்க நான் விரல் குத்தேல்லை."

அத்தான் கையிலிருந்த எண்ணெயைத் துடைக்கத் தொடங்கினார். எனக்கு ஆறுதல், நான் மட்டும் அவளிடம் தோற்பவள் அல்ல.

இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று தொழில்நுட்பவியலாளரிடம் கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"எங்க வயல நெனச்சுக்கங்க. ஒரே ஒரு களைவெத கெடக்கான்னு பாக்கணும். கண்ணால தேடினா ஆயுசுக்கும் கெடைக்காது. இது என்ன பண்ணுதுன்னா, அந்தக் களைய மட்டும் மொளைக்க வைக்குது. ஒன்னு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். கொஞ்ச நேரத்துல வயலே அதுவாத் தெரியும்."

"அது அங்கை இல்லையெண்டால்?"

"இல்லேன்னா எதுவும் மொளைக்காது. கோடு தட்டையா ஓடும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டுகளில் நான் கேட்ட எந்தப் பேச்சும் என்னை அப்படி உலுக்கியதில்லை. மேடையில் நாங்கள் செய்வதும் பெருக்குவதுதானே. ஒரு சிறிய சான்றை எடுத்துக் குரலால் பெருக்கி மண்டபம் நிறைப்போம். ஆனால் நாங்கள் இருப்பதையும் பெருக்குவோம், இல்லாததையும் பெருக்குவோம். நாணயம் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கம் பெருக்குவோம். மேசைமேல் மெல்ல முனகிக்கொண்டிருந்த இந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. இருப்பதை மட்டுமே அதனால் பெருக்க முடியும். அதுவும் கொழும்பின் குளிரூட்டிய மாடிகளில் அல்ல. பாரைமீனும் இறாலும் நிறுக்கும் மேசையில், பலகைத் துண்டுகளின் மேல், எங்கள் கரையில். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தேன்.

கடைசி நிமிடங்கள். காற்றாடியின் சத்தமும் பெட்டிக்குள் ஐஸ் சரியும் சத்தமும் மட்டும்.

தொழில்நுட்பவியலாளர் மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆகவே நான் நின்றேன். மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். தட்டையாய் ஓடி வந்த ஒரு கோடு பாதி வழியில் தலையை நிமிர்த்தி, செங்குத்தாய் ஏறியிருந்தது.

"இருக்கு," என்றார். மென்மையாகத்தான் சொன்னார், ஆனால் சுற்றி வளைக்கவில்லை. "எவ்வளவு இருக்குன்னும் சொல்லுது. வைத்தியரப் பாத்து ஈரலச் சோதிச்சதும் மருந்து குளிச தருவாங்க. மூனு மாசம் போல தினமும் போடணும். கிட்டத்தட்ட எல்லாருக்கும் இது முழுசாப் போயிரும். முந்தின காலம் மாதிரி இல்ல."

நான் அழத் தயாராய் இருந்தேன். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப ஆமை போகேல்லை," என்றாள்.

"எந்த ஆமை?" தொழில்நுட்பவியலாளர் விழித்தார்.

"அது எங்கட வீட்டுக் கதை. அது போனால், போட்டுதெண்டு ஆர் சொல்லுறது?"

"இதே மெஷினுதான் சொல்லும். குளிச முடிஞ்சு கொஞ்ச காலம் கழிச்சு வாங்க. கோடு தட்டையா ஓடுறத நானே காட்டுறேன்."

"பேணி? தட்டு?"

"அதால வராது. ரத்தத்தாலதான். பிளேட்டு, ஊசி, பல்லுத் தூரிகை, அதத் தனியா வச்சுக்கங்க. ஒரே கோப்பையில குடிக்கிறதுக்கு ஒன்னும் ஆகாது."

இதையே தாதி சொன்னார், நானும் சொன்னேன். எங்கள் சொல்லுக்கு அசையாதவள், அந்தக் கோட்டைக் கண்ட பிறகு எழுந்தாள். இருக்கிறது என்று தெரிந்ததும் அது எவ்வளவு, எங்கே, எதுவரை என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை அது வீடு முழுக்கப் பரவி, ஒவ்வொரு பேணிக்குள்ளும் இருந்தது. இப்போது அது அவளுடைய ஈரலில் மட்டும் இருந்தது.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் போனாள். அப்பா சுவரோரம் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கையிலிருந்த கோப்பையை அக்கா வாங்கி, மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தாள்.

"சீனி காணாது," என்றாள்.

அப்பா அவளையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். அதை வைத்து, வைரசு இல்லை என்பதே மறுமொழி என்று முடிவு செய்து சிலுவை போட்டுக்கொண்டார். அக்கா அவருக்கு முன்னால் குந்தி, "இருக்கப்பா. ஆனா மருந்திருக்கு. போயிடும்," என்றாள். அவர் மறுபடியும் சிலுவை போட்டார். இந்த முறை மெதுவாக.

அத்தான் சற்றுத் தள்ளி, யாரோ ஒருவருடைய எஞ்சின் மூடியைத் திறந்து தேவையில்லாமல் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் நடந்தாள். அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் எஞ்சின்காரர் குரல் எப்போதும் உரத்தது.

"மூண்டு மாசமோ? ஒரு எஞ்சினுக்குச் சாமான் கொழும்பில இருந்து வர அதைவிடக் கனநாள் செல்லும். அப்ப ஞாயிறு?"

"நாளைக்குத்தான் ஞாயிறு."

"அதைத்தான் கேட்டனான்."

"சுவாமியிட்ட இப்பவே போவம். அவள் வாசிக்கட்டும்."

குளிசை முடிந்து, சொன்ன காலம் கடந்து, அதே இயந்திரத்தின் முன்னே நாங்கள் மீண்டும் உட்கார்ந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது மாரி காலம், ஐஸ் தேவைப்படவில்லை. கோடு, குளம் வற்றிய வெளிபோல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டையாய் ஓடியது. அக்கா அதைத் தன் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறாள். திருமணப் படங்களுக்கு நடுவே இருக்கிறது அது.

ஆனால் நான் முடிக்க விரும்புவது அந்த ஞாயிற்றுக்கிழமையோடு.

திருப்பலியின் முடிவில் ஒலிவாங்கியின் முன்னே ஏறினேன். முதல் நாள் வரை என் தலைக்குள் ஒரு பேருரை சுழன்றுகொண்டிருந்தது. அதை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். பெயர்களை வாசித்தேன். மூன்றாவதும் கடைசியுமான அறிவித்தல் என்றேன். "இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்."

முதல் இரண்டு ஞாயிறும் இந்த வரியில் அக்கா தலை குனிந்திருந்தாள். அன்று பெண்கள் பக்கத்து இரண்டாம் வாங்கிலிருந்து என்னை நேரே பார்த்தாள். முக்கியமான வரிக்குப் பிறகு எவ்வளவு நேரம் மௌனம் காக்க வேண்டும் என்று எனக்குப் பயிற்சி உண்டு. அன்று அந்த அளவை மீறி நின்றேன். யன்னல்களுக்கு வெளியே கடல் கேட்டது. யாரும் எழவில்லை. அப்பா தொண்டையைச் செருமினார். நான் இன்னும் நின்றேன்.

அக்கா உதட்டை மட்டும் அசைத்தாள். "காணும், இறங்கு."

இறங்கினேன்.